இரண்டு பலகை, ஒரே கணக்கு

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் என்ஜினீயரிங்)



புராஜெக்ட் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு ஒரு நடுக்கம் வரும். வேலை கஷ்டம் என்பதால் வரும் நடுக்கம் கொஞ்சம்தான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று தெரியாததால் வருவதுதான் அதிகம். யார் எதைச் செய்கிறார்கள்? எது முடிந்தது? எது பாதியில் நிற்கிறது? ரெவ்யூ அன்று கைடு கேட்டால் ஐந்து பேரும் ஐந்து பதில் சொல்கிறோம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திட்டமிட ஒரு கருவி, புரோகிராமை வைத்திருக்க ஒரு தளம், இரண்டையும் இணைக்க ஒரு பாலம். அதை எல்லாத் துறை நண்பர்களுக்கும் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். "இது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்" என்று மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இது ஆரம்பித்ததே ஒரு கார் கம்பெனியில்தான்!

பலகை வந்த கதை

கான்பன் என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள். டொயோட்டா கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்பவர் 1950-களில் இந்த முறையைக் கொண்டுவந்தார். முறை ரொம்ப எளிது. பாகங்கள் இருக்கும் பெட்டியோடு ஒரு அட்டை வரும். பாகங்களை எடுத்துப் பயன்படுத்தியதும் அந்த அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்ததைச் செய்வார்கள். வராவிட்டால் செய்ய மாட்டார்கள். இதனால் தேவையில்லாத சரக்கு குவிவதில்லை.

மென்பொருள்காரர்கள் 2000-க்குப் பிறகு இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். சுவரில் ஒரு பலகை. அதில் மூன்று கட்டம்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. வேலை நகர நகர அட்டையும் அடுத்த கட்டத்துக்கு நகரும். 2011-இல் வெளிவந்த ட்ரெல்லோ இந்தச் சுவர்ப் பலகையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் அட்லாசியன் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் அதை வாங்கியது. சாதாரண செல்போனிலும் இதைத் திறக்கலாம். புரோகிராம் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். நம் திட்டமிடும் கருவியாக இதையே வைத்துக்கொள்வோம்.

இனி இரண்டாவது பலகை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட் என்ற மென்பொருளை எழுதினார். ஒரு புரோகிராமில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிட் என்று பெயர். கிட் வைத்திருக்கும் புரோகிராம்களை இணையத்தில் சேமித்துப் பலரும் சேர்ந்து வேலை செய்ய இடம் தரும் தளம்தான் கிட்ஹப். 2008-இல் தொடங்கப்பட்டது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது.

கிட்ஹப்பில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று இஷ்யூ. செய்ய வேண்டிய ஒரு வேலை, அல்லது திருத்த வேண்டிய ஒரு தப்பு. ஒவ்வொரு இஷ்யூவுக்கும் ஒரு எண் உண்டு. இன்னொன்று புல் ரிக்வெஸ்ட். "நான் எழுதி முடித்துவிட்டேன், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மற்றவர்களுக்கு வைக்கும் விண்ணப்பம். அதைச் சரிபார்த்துச் சேர்ப்பதற்குப் பெயர் மெர்ஜ். இந்த இஷ்யூக்களையும் புல் ரிக்வெஸ்ட்களையும் அட்டைகளாகக் காட்டும் பலகைக்கு புராஜெக்ட்ஸ் என்று பெயர். 2016-இல் வந்த பழைய பலகை 2024-இல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது 2022-இல் முழு வடிவில் வெளியான புதியது. ஆகவே பழைய பாடக் குறிப்பையோ வீடியோவையோ பார்த்துச் செய்தால் பட்டன் இருக்கும் இடமே வேறாக இருக்கும். ஜாக்கிரதை!

ஒன்று போதாதா?

நியாயமான கேள்வி. குழுவில் எல்லாரும் புரோகிராம் எழுதுகிறவர்கள் என்றால் கிட்ஹப் பலகை ஒன்றே போதும். இரண்டு வைப்பது வீண் வேலை.

ஆனால் நம் குழுக்கள் அப்படி இருப்பதில்லை. நூலகப் புத்தகக் கணக்கு மென்பொருள் ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் புரோகிராம் எழுதுகிறார்கள். ஒருவர் திரைகளை வரைகிறார். ஒருவர் சோதனை செய்கிறார். ஒருவர் நூலகரிடம் போய் விவரம் வாங்கி ரிப்போர்ட் தயாரிக்கிறார். இவர்களுக்கு மேலே கைடு. பின் மூன்று பேரும் கிட்ஹப்பைத் திறப்பது அபூர்வம். அவர்களுக்கு ட்ரெல்லோ வசதி. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கோ கிட்ஹப்பை விட்டு வெளியே வர நேரமில்லை. கம்பெனிகளிலும் இதே கதைதான். திட்டமிடுகிறவர் ஒரு கருவியில் இருப்பார், எழுதுகிறவர் இன்னொன்றில் இருப்பார். அப்போது இரண்டு பலகை தானாகவே வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி.

கணக்கு இரண்டானால் யாருக்கு நஷ்டம்?

என் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தது நான்தான். அம்மா வேலை பார்த்த ஒரு இடத்தில் வருகைக் கணக்கு இரண்டு இருந்தது. மேஸ்திரியிடம் ஒரு பாக்கெட் நோட்டு, ஆபீஸில் ஒரு ரிஜிஸ்டர். சனிக்கிழமை கூலி போடும்போது ஒன்றில் ஆறு நாள் இருக்கும், இன்னொன்றில் ஐந்து நாள் இருக்கும். எது செல்லும்? குறைவாக இருப்பதுதான் செல்லும்! "நான் வந்தேன்" என்று அம்மா சொன்னால் "நோட்டுல இல்லையேம்மா" என்பார்கள். வேலை செய்தது உண்மை. கை காய்த்தது உண்மை. ஆனால் நோட்டில் இல்லை.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். கணக்கு இரண்டாகி, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், சத்தமாகப் பேசத் தெரியாதவருக்குத்தான் நஷ்டம். நம் குழுக்களிலும் அப்படித்தான். ஹாஸ்டலில் இருப்பவர்கள் ராத்திரி கூடிப் பேசி ஒரு பலகையில் மாற்றிவிடுவார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போன டே ஸ்காலர் மறுநாள் வந்து இன்னொரு பலகையைப் பார்ப்பார். ஏற்கெனவே முடிந்துபோன வேலையை அவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் செய்திருப்பார். அல்லது அவர் செய்த வேலை எந்தப் பலகையிலும் ஏறாமலே போயிருக்கும். ஆக, இரண்டு பலகையை இணைப்பது சும்மா டெக்னிக்கல் வேடிக்கை அல்ல. யாருடைய உழைப்பும் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது.

முதல் விதி: ஒரு விவரத்துக்கு ஒரே சொந்தக்காரர்

இணைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

1. வேலையின் தலைப்பு, எப்போது முடிய வேண்டும், யார் பொறுப்பு – இவற்றுக்கு ட்ரெல்லோ சொல்வதே சரி.

2. வேலை எந்த நிலையில் இருக்கிறது – இதற்கு கிட்ஹப் சொல்வதே சரி. ஏனென்றால் புரோகிராம் சேர்ந்ததா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

3. ஒரு பக்கம் சொந்தமான விவரத்தை இன்னொரு பக்கத்தில் யாரும் கையால் மாற்றக் கூடாது. அங்கே அது வெறும் நகல்.

எல்லா விவரத்தையும் இரண்டு பக்கமும் மாற்றலாம் என்று விட்டால் என்ன ஆகும்? ஒருவர் இங்கே தேதியை மாற்றுவார், இன்னொருவர் அங்கே மாற்றுவார். கடைசியாக எழுதியது முந்தையதை அழித்துவிடும். எது சரி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதை நாம்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இணைக்கும் வழிகள்

இதில் மூன்று படிகள் உண்டு. முதல் படியிலேயே நம் புராஜெக்ட்டுகளில் பாதிக்கு மேல் நின்றுவிடலாம்.

முதல் படி: கையால் இணைப்பது. ட்ரெல்லோவில் உள்ள ஒவ்வொரு புரோகிராம் அட்டைக்கும் கிட்ஹப்பில் ஒரு இஷ்யூ போடுங்கள். அட்டையில் இஷ்யூவின் லிங்க், இஷ்யூவில் அட்டையின் லிங்க். தலைப்பை வைத்து அடையாளம் காண நினைக்காதீர்கள். "லாகின் பக்கம்" என்பதை நாளைக்கே யாராவது "உள்நுழைவு" என்று மாற்றிவிடுவார்கள். எண்ணும் லிங்க்கும் மாறாது. ரோல் நம்பர் மாதிரி.

அடுத்து, புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் "குளோசஸ்" என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு, பக்கத்தில் #12 என்று இஷ்யூ எண்ணை எழுதுங்கள். அதை மெர்ஜ் செய்தவுடன் 12-ஆம் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். "ஃபிக்சஸ்", "ரிசால்வ்ஸ்" என்ற சொற்களும் இதே வேலையைச் செய்யும். ஒரு நுணுக்கம்: ரெப்போவின் முதன்மைக் கிளையில் மெர்ஜ் செய்தால்தான் இது நடக்கும். வேறு கிளையில் சேர்த்துவிட்டு "ஏன் மூடல?" என்று தலையைச் சொறியக் கூடாது.

இஷ்யூ மூடியதும் புராஜெக்ட்ஸ் பலகையில் அதன் அட்டை "முடிந்தது" கட்டத்துக்குத் தானாகப் போகும். பலகையை உருவாக்கும்போதே இந்த ஏற்பாடு கூடவே வருகிறது. ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம். மிச்சம் இருப்பது ட்ரெல்லோ அட்டையை நகர்த்துவது மட்டும். அதை தினமும் சாயங்காலம் ஒருவர், முறை வைத்து, ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

இரண்டாம் படி: தயாராக உள்ள இணைப்பு. ட்ரெல்லோவில் பவர்-அப் என்ற கூடுதல் வசதிகள் உண்டு. கிட்ஹப்புக்கான பவர்-அப்பைச் சேர்த்தால் அட்டையோடு இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட், கமிட் எல்லாவற்றையும் ஒட்டி வைக்கலாம். அவற்றின் நிலை அட்டையிலேயே தெரியும். கைடு கிட்ஹப் பக்கமே போகாமல் விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் படி: நாமே பாலம் கட்டுவது. இது கம்ப்யூட்டர் துறை நண்பர்களுக்கு. இதில் வெப்ஹூக் என்ற சொல் வரும். ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று தினமும் நாலு தடவை போய்ப் பார்ப்பது ஒரு முறை. வந்ததும் கடைக்காரரே போன் போட்டுச் சொல்வது இன்னொரு முறை. இரண்டாவதுதான் வெப்ஹூக். கிட்ஹப்பில் ஒரு இஷ்யூ மூடப்பட்டால், நாம் கொடுத்த முகவரிக்கு கிட்ஹப்பே ஒரு செய்தி அனுப்பும். அந்த முகவரியில் இருக்கும் நம் சின்ன புரோகிராம், எந்த ட்ரெல்லோ அட்டை என்று பார்த்து அதை நகர்த்தும். அதே மாதிரி ட்ரெல்லோவில் புது அட்டை வந்தால் அங்கிருந்து செய்தி வரும். நம் புரோகிராம் கிட்ஹப்பில் இஷ்யூ போட்டுப் பலகையில் சேர்க்கும்.

பாலம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. செய்தி உண்மையா என்று பாருங்கள். நம் முகவரியைத் தெரிந்த யாரும் பொய்ச் செய்தி அனுப்பலாம். அதனால் ஒரு ரகசியச் சொல்லை கிட்ஹப்பிடம் கொடுத்து வைக்கலாம். அதைக் கொண்டு கிட்ஹப் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முத்திரை குத்தி அனுப்பும். ஷா-256 என்ற கணக்கு முறையில் போடப்படும் முத்திரை அது. நாமும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டும் ஏற்க வேண்டும்.

2. சீக்கிரம் பதில் சொல்லுங்கள். 10 விநாடிக்குள் "கிடைத்தது" என்று சொல்லாவிட்டால் செய்தி சேரவில்லை என்று கிட்ஹப் குறித்துக்கொள்ளும். தானாகத் திரும்ப அனுப்பாது. கரண்ட் போய் நம் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் அந்தச் செய்தி போனதுதான். நாமே போய் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். ஆகவே தினமும் ஒரு தடவை இரண்டு பலகையையும் முழுசாக ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் சரிசெய்யும் ஒரு வேலையையும் சேர்த்து எழுதுங்கள். கடையில் ராத்திரி கல்லாவை எண்ணுவது போல.

3. ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி எண் இருக்கும். பார்த்த எண்ணைக் குறித்து வைத்து, மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வேலைக்கு இரண்டு அட்டை முளைக்கும்.

4. எதிரொலியை நிறுத்துங்கள். கிட்ஹப்பில் மாறியதை ட்ரெல்லோவில் எழுதுகிறோம். உடனே ட்ரெல்லோ "என்னிடம் மாற்றம்" என்று செய்தி அனுப்பும். அதை வாங்கி கிட்ஹப்பில் எழுதினால் அது மறுபடி செய்தி அனுப்பும். கிணற்றுக்குள் கத்தினது போல ஓயவே ஓயாது. எழுதுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே அதே மதிப்புதான் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சும்மா இருந்துவிட வேண்டும். நாம் முதலில் போட்ட "ஒரு விவரத்துக்கு ஒரே சொந்தக்காரர்" விதியும் இங்கே காப்பாற்றும்.

5. புராஜெக்ட்ஸ் பலகையில் அட்டையைச் சேர்ப்பதும் அதன் நிலையை மாற்றுவதும் கிராஃப்கியூஎல் முறையில் தனித்தனிக் கட்டளைகள். ஒரே அழைப்பில் இரண்டையும் செய்ய முடியாது. முதலில் சேர்த்து, அது தரும் அடையாள எண்ணை வாங்கி, அதை வைத்து நிலையை மாற்ற வேண்டும். "முடிந்தது" என்ற கட்டத்தையும் பெயரால் அழைக்க முடியாது. அதற்கும் ஒரு அடையாள எண் உண்டு.

6. டோக்கன் என்பது நம் வீட்டுச் சாவி. அதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றுவது, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு ஊருக்குப் போவது போல. தனியாக வைத்து, தேவையான அளவு அனுமதி மட்டும் கொடுங்கள்.

யார் பெயரில் ஏறுகிறது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கிட்ஹப்பில் ஒரு கமிட் யாருடையது என்பதை அதில் உள்ள ஈமெயில் முகவரியை வைத்துத்தான் தளம் முடிவு செய்கிறது. லேப் கம்ப்யூட்டரில் காலை பேட்ச் மாணவர் தன் பெயரையும் ஈமெயிலையும் போட்டிருப்பார். மதியம் நாம் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதிச் சேமிப்போம். அத்தனையும் அவர் பெயரில் ஏறும்! யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் நம் உழைப்பு நம் பெயரில் இல்லை. ஆகவே லேபில் உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கிட்டில் யார் பெயர், யார் ஈமெயில் இருக்கிறது என்று பார்த்து நம்முடையதைப் போடுவது. ஒரு நிமிட வேலைதான்.

நம்மில் பலரிடம் லேப்டாப் கிடையாது. நண்பனின் லேப்டாப்பில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறோம். அப்போதும் வழி இருக்கிறது. கமிட் செய்தியின் கடைசியில் "கோ-ஆத்தர்ட்-பை" என்று ஆங்கிலத்தில் எழுதி மற்றவரின் பெயரையும் ஈமெயிலையும் சேர்த்தால் அந்த கமிட் இருவர் பெயரிலும் தெரியும். 2018 முதல் கிட்ஹப்பில் இந்த வசதி உள்ளது. லேப்டாப் யாருடையது என்பதற்காக வேலையும் அவருடையது ஆகிவிடாது.

அடுத்து, சோதனை செய்தவர், நூலகரிடம் நாலு நாள் அலைந்து விவரம் வாங்கியவர், ரிப்போர்ட் எழுதியவர் – இவர்களுக்கு கமிட்டே இருக்காது. கிட்ஹப்பை மட்டும் பார்த்தால் இவர்கள் ஒன்றுமே செய்யாதவர்கள் போலத் தெரியும். அது அநியாயம். ஆகவே இந்த வேலைகளுக்கும் ட்ரெல்லோவில் அட்டை போட்டு, கிட்ஹப்பில் இஷ்யூ போட்டு, அவர்கள் பெயரைப் பொறுப்பாகக் குறியுங்கள். முடிந்ததும் என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதி மூடுங்கள். பலகையில் அட்டை இல்லாத வேலை என்று எதுவும் இருக்கக் கூடாது.

முடிவாக

நண்பர்களே, பலகை வேலை செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும். நாலு அட்டையை அழகாகக் கலர் கலராக ஒட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் புராஜெக்ட் நகராது. அதேபோல் வெப்ஹூக் போட்டால்தான் பெரிய ஆள் என்றும் இல்லை. லிங்க், இஷ்யூ எண், "குளோசஸ்" என்ற ஒரு சொல், தினம் ஐந்து நிமிடம் – இவ்வளவு இருந்தால் போதும். அடுத்த புராஜெக்ட்டின் முதல் நாளே ஐந்து பேரும் உட்கார்ந்து, எந்த விவரத்துக்கு எந்தப் பலகை சொந்தம் என்று அந்தத் தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மற்றது தானாக வரும்.

வைவா அன்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்தி, "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்பார். இங்கிலீஷ் சரளமாக வருகிறவர் எப்படியும் சமாளித்துவிடுவார். வராதவர் பயப்பட வேண்டாம். பலகையைத் திறந்து காட்டுங்கள். எந்தத் தேதியில், எந்த வேலை, யார் பெயரில் முடிந்தது என்று அது சொல்லும்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!